ஆள் இருக்கிற தட்டு

எங்கள் வீட்டு அலமாரியில் ஓர் எவர்சில்வர் தட்டு இருக்கிறது. விளிம்பில் ஒரு பக்கம் நசுங்கிய சாதாரணத் தட்டுதான். அதைக் கழுவிக் கவிழ்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் ஒரு பெருமூச்சு வருகிறது. துக்கப் பெருமூச்சு இல்லை, அப்பாடா என்கிற பெருமூச்சு. ஒரு பெண் காணாமல் போய், என் தலையும் உருண்டிருக்க வேண்டிய நாளில், அவள் திரும்பி வந்து உட்கார்ந்து சாப்பிட்ட தட்டு அது.

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படித்தபோது என்னை ஓரியண்டேஷன் லீடர் ஆக்கினார்கள். மஞ்சள் டி-ஷர்ட்டில் அதை அச்சடித்தும் கொடுத்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நூலகம், மெஸ், வங்கி, பேருந்து நிறுத்தம் எல்லாம் காட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை என்று நினைத்தேன். வீட்டு நினைப்பில் அழுகிறவர்களுக்குத் தோள் கொடுப்பதும் அதில் சேர்த்தி என்று யாரும் சொல்லவில்லை. என் குழுவில் தருமபுரிக்கு அந்தப் பக்கமிருந்து வந்த ஜூனியர் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் மட்டும் அழவே இல்லை. எது கேட்டாலும் தலையாட்டுவாள். ரூம் பிடிச்சிருக்கா? தலையாட்டல். சாப்பிட்டியா? தலையாட்டல். தொந்தரவு தராத ஒரு பெண்ணாவது கிடைத்தாளே என்று நான் சந்தோஷப்பட்டேன்.

ஓரியண்டேஷனின் கடைசி நாள் வெளியூர்ப் பயணம். பழவேற்காடு ஏரியைப் பற்றி நான் ஓயாமல் பீற்றிக்கொண்டிருந்ததால், பொறுப்பாளராக இருந்த பேராசிரியை எங்கள் ஊரையே தேர்ந்தெடுத்துவிட்டார். காலையில் படகுச் சவாரி, மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. அம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் விடிவதற்கு முன்பே மடவை மீன் குழம்புக்கும் இறால் தொக்குக்கும் அடுப்பு மூட்டிவிட்டார்கள்.

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கிளம்புகிறவரை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு படகுக்கு நடப்பவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால், அவர் திரும்பி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்படுவார். சின்ன வயதில் நான் கேட்டுவிட்டு, நைனா, அதாவது என் அப்பா, அன்று முழுக்க ஏரிக்கே போகாமல் இருந்ததும் உண்டு. அதனால் எங்கள் வீட்டில் வேறு விதமாகக் கேட்போம். சோறு எடுத்து வைக்கட்டுமா? வை என்றால் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார். வேண்டாம் என்றால் வர நேரமாகும். இப்போது காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்களிடமும் இதைத்தான் கேட்கிறோம். அவர்கள் எங்கே போகிறார்கள் என்று ஊருக்கே தெரியும், அது வேறு விஷயம்.

மதியம் முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. நான் சோற்று வாளியோடு வாசல் பக்கம் வந்தபோது அந்த ஜூனியர் பெண் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். தோளில் பை. "எங்க" என்பது தொண்டை வரை வந்தது. பழக்கம் அதை அப்படியே உள்ளே தள்ளிவிட்டது. "சோறு எடுத்து வெக்கட்டா?" என்றேன். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு வழக்கம்போலத் தலையாட்டினாள். பக்கத்துக் கடைக்குத்தான் போகிறாள் என்று நினைத்து, அம்மாவிடம் ஒரு தட்டு எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டேன்.

பேருந்தில் ஏறும் நேரத்தில்தான் அவள் இல்லாதது தெரிந்தது. கைபேசி அணைக்கப்பட்டிருந்தது. கரைப் பக்கம் பார்த்த மாதிரி இருந்தது என்று யாரோ சொன்னார்கள். ஏரியில் இடுப்பளவுத் தண்ணீர்தான், பயப்படாதீர்கள் என்று காலையில் எல்லோரிடமும் சொன்னவள் நான். காலை இழுக்கும் சேற்றைப் பற்றி நான் சொல்லவில்லை. நைனா அவளைத் தேடப் படகைத் தள்ளிக்கொண்டு போனார்.

"கடைசியா நீதானே பார்த்தே? எங்க போறேன்னு கேட்டியா?" என்றார் பேராசிரியை.

"கேக்கல மேடம். சோறு எடுத்து வெக்கட்டான்னு கேட்டேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை. அவள் அப்பாவின் எண்ணைத் தேடி எடுத்துவிட்டார். அந்த அழைப்பு போனால், அப்பா அடுத்த பேருந்தைப் பிடித்து வந்து மகளைக் கையோடு கூட்டிப் போய்விடுவார். அவள் படிப்பு அன்றோடு முடிந்துவிடும். அதுவும், அவள் உயிரோடு கிடைத்தால்.

"செத்த பொறுங்க மேடம். எடுத்து வைன்னு சொல்லிட்டுப் போயிருக்குது. வந்துரும்" என்றார் அம்மா. சொன்னாரே தவிர, அவரும் தெருமுனைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். அந்தத் தலையாட்டலுக்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று தருமபுரிப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? அது அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாணவர்களைக் கவனித்ததில் பேராசிரியை இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. பானையில் மிச்சமும் இல்லை. அடுப்போரம் மூடி வைத்திருந்த தட்டை நான் அவருக்காக எடுக்கப் போனபோது அம்மா என் கையைத் தட்டிவிட்டார். "அது ஆள் இருக்கிற தட்டு. மேடத்துக்கு வேற ஒல வெக்கிறேன்."

அந்த உலை கொதிக்கும்போதுதான் பொன்னேரிப் பக்கமிருந்து வந்த ஷேர் ஆட்டோ தெருமுனையில் நின்றது. அவள் இறங்கினாள். நான் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பேராசிரியை வாயைத் திறப்பதற்குள் அம்மா, "கை கழுவிட்டு வா கண்ணு, கொழம்பு ஆறிப்போச்சு" என்றார். அவள் மூடியைத் திறந்து, தலை நிமிராமல் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டாள். பேராசிரியை அவள் பக்கத்தில் அமர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே சுடுசோற்றைப் பிசைந்தார். யாரோ கரையில் நின்று நைனாவைக் கூவி அழைத்தார்கள். அந்தச் சாயங்காலத்தைப் போல இன்னொரு நிம்மதியை நான் இதுவரை அனுபவித்ததில்லை.

திரும்பும் வழியில் பேருந்தில் என் பக்கத்தில் வந்து அமர்ந்தாள். முதல் முறையாக அவளாகப் பேசினாள்.

"பொன்னேரி ஸ்டேஷன்ல டிக்கெட் எடுத்துட்டு உக்காந்திருந்தேன்க்கா, வீட்டுக்குப் போயிடலாம்னு. நீங்க எங்க போறேன்னு கேட்டிருந்தா, கடைக்குன்னு பொய் சொல்லியிருப்பேன். பொய் சொல்லிட்டா அப்புறம் திரும்பி வர மூஞ்சி இருக்காது, அப்படியே போயிருப்பேன். ஹாஸ்டலுக்கு வந்ததுலேருந்து எனக்குன்னு யாரும் எதுவும் எடுத்து வெச்சதில்ல. அந்த அம்மா சோத்த மூடி வெச்சுட்டு உக்காந்திருப்பாங்களேன்னு தோணிச்சு. ரயில் வந்துச்சு, நான் ஏறல."

அடுத்த ஆண்டு லீடர்களுக்கான விதிகளில் ஒரு வரி புதிதாகச் சேர்ந்தது. வெளியே செல்லும் மாணவரிடம் எங்கே செல்கிறார் என்று கட்டாயம் கேட்க வேண்டும். சரியான விதிதான், நான் மறுத்துப் பேசவில்லை. அன்று அவள் ரயிலேறியிருந்தால் இந்தக் கதையை நான் வேறு குரலில் சொல்லிக்கொண்டிருப்பேன். இல்லை, சொல்லியிருக்கவே மாட்டேன்.

அவள் படிப்பை முடித்தாள், வேலைக்கும் போனாள். போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தங்கினாள். ஆராய்ச்சிப் படிப்புக்கு வெளிநாடு போகிறாள். கிளம்பும்போது அதே வாசலில் நின்று செருப்பை மாட்டினாள். தோளில் பை. மீன் செதில் ஒட்டிய கையோடு அம்மா நின்றார். எந்த ஊர், எத்தனை தூரம், ஒன்றும் கேட்கவில்லை. என்றைக்குமில்லாமல் அந்தச் சோற்றுக் கேள்வியைக் கேட்கவும் அவருக்கு வாய் வரவில்லை. அவள்தான் திரும்பிப் பார்த்து, "அம்மா, எனக்குச் சோறு எடுத்து வைங்க" என்றாள்.

அவளைப் பேருந்து ஏற்றிவிட்டு வந்து பார்த்தேன். அடுப்போரத்தில் அந்த நசுங்கிய தட்டு மூடியிருந்தது. மூடியைத் தூக்கினால் சோறு, மேலே ஒரு துண்டு மடவை.

"அம்மா, அவ வர்றதுக்கு ரெண்டு வருசம் ஆவும்."

"தெரியும்டி. இன்னிக்கு நீ சாப்புடு" என்றார். "நாளைக்கு மறுபடி வெக்கிறேன்."