நெல்லித்தோப்பு வழியாகப் பாரீசுக்கு

என் அம்மா பாரீசுக்குப் போய்ச் சேர நாற்பத்திரண்டு நாளானது. அதில் நாற்பது நாள் எங்கள் நெல்லித்தோப்பிலேயே கழிந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அந்த நாற்பது நாளும் வீட்டில் சமைத்தவள் நான்தான், எனக்குக் கணக்கு தப்பாது.

எழுபதுகளின் கடைசி அது. என் அக்காவை ஒரு சொல்தா வீட்டில் கட்டிக் கொடுத்திருந்தோம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊரில் சொல்தா என்போம். அந்தச் சொல்தாவின் மகனுக்குப் பாரீசுக்குப் பக்கத்தில் ஒரு கார் கம்பெனியில் வேலை. கல்யாணமான இரண்டாம் வருஷம் அக்கா முழுகாமல் இருக்கிறாள் என்று கடிதம் வந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வரத்தான் அவளுக்கு ஆசை. பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"அவளால வர முடியலன்னா நான் போறேன்" என்றாள் அம்மா.

அதுவரை அம்மா போன அதிக தூரம் திருவண்ணாமலை. ஆனால் யாரும் மறுத்துப் பேசவில்லை. அம்மாவின் தலைப்பிரசவத்தில் அவளைப் பெற்றவள் பக்கத்தில் இல்லை என்பதும், அந்தக் குழந்தை தங்கவில்லை என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மா அதைப் பற்றிப் பேசியதே கிடையாது. "என் பொண்ணு தனியா கெடக்கக் கூடாது" என்று மட்டும் பாத்திரம் கழுவும்போதும் துணி காயப்போடும்போதும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மாப்பிள்ளை அங்கிருந்தே டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டார், தேதி மட்டும் போட வேண்டும். மற்ற வேலைகளுக்கு எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு டிராவல் ஏஜெண்டு இருந்தார். முன்பு பஸ் கம்பெனியில் டிக்கெட் கிழித்தவர். வீட்டின் முன்னறையில் ஒரு மேசை, ஒரு உலகப்படம், சுவரில் மூன்று கடிகாரம். முதல் கடிகாரம் நம் ஊர் நேரம், இரண்டாவது பாரீஸ் நேரம். மூன்றாவது ஓடாது. தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து, அன்றைய ராகுகாலம் தொடங்கும் நேரத்துக்கு அதன் முள்ளை அவரே கையால் திருப்பி வைப்பார். விமானம் ஏறியதே இல்லாத அந்த மனிதரிடம்தான் பாதி நெல்லித்தோப்பும் வெளிநாடு போவதற்கு வந்து நின்றது, காரணம் அந்த மூன்றாவது கடிகாரம்.

உலகப்படத்தின் நான்கு ஓரத்திலும் சிவப்பு மையில் சூலம் எழுதியிருந்தார். மேற்கே வெள்ளியும் ஞாயிறும் ஆகாது, பாரீஸ் மேற்கே இருக்கிறது, ஆகவே அந்த இரண்டு நாளும் அவர் யாருக்கும் டிக்கெட் போட மாட்டார். என் அப்பா மில்லில் ஃபிட்டர், யூனியன்காரர், சாமி கும்பிடாதவர். முதல் நாளே மல்லுக்கு நின்றார்.

"ஏம்ப்பா, பூமி உருண்டை. கெழக்கால போனாலும் பாரீசு வரும், தெரியுமா?"

"வரும்ண்ணே, யாரு இல்லன்னது? ஆனா கெழக்கால போனா திங்களும் சனியும் ஆவாது" என்றார் ஏஜெண்டு, முகத்தில் கொஞ்சமும் சிரிப்பில்லாமல்.

அப்பாவை வாயடைக்க வைத்த ஆளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, அதனாலேயே எனக்கு ஏஜெண்டைக் கொஞ்சம் பிடித்தும் போனது.

பிரச்சினை ஆடி மாதத்தால் வந்தது. அக்காவுக்கு ஆவணியில் நாள் சொல்லியிருந்தார்கள். அம்மாவின் பாஸ்போர்ட் மெட்ராசிலிருந்து இன்னும் வரவில்லை. ஆனி முடிய நான்கே நாள் இருந்தது. ஆடியில் நல்ல காரியத்துக்குப் படி இறங்கக் கூடாது.

"பயப்படாதீங்கக்கா, பரஸ்தானம் போட்டுடலாம்" என்றார் ஏஜெண்டு.

பரஸ்தானம் என்பது பழைய வழக்கம்தான். கிளம்புகிற நாள் சரியில்லையென்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நேரத்தில் பெட்டியை எடுத்துப்போய் வேறு ஒருவர் வீட்டில் வைத்துவிடுவார்கள். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். ஏஜெண்டின் பின்னறையில் இப்படி வந்த பெட்டிகள் மஞ்சள் தடவி அடுக்கியிருந்தன. ஆனால் போன வருஷம் ஒருத்தர் பெட்டியை மட்டும் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாராம். அவருடைய பெட்டி ஒழுங்காகப் பாரீஸ் போய்ச் சேர்ந்ததாம், அவர் இன்னும் பக்கத்து உழவர்கரையிலேயே இருக்கிறாராம். அதிலிருந்து ஏஜெண்டு முறையை மாற்றிவிட்டார். பெட்டியோடு ஆளும் வந்துவிட வேண்டும். வந்தால் பயணம் முடிகிற வரைக்கும் வீட்டு வாசற்படி ஏறக் கூடாது. பெட்டியையும் போய்ச் சேர்ந்த பிறகுதான் திறக்க வேண்டும்.

"மூணே நாளுக்கா. பாஸ்போர்ட்டு வந்துடும்."

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு அம்மா வீட்டை விட்டு இறங்கினாள். பிரசவ லேகியம், சுக்கு, பூண்டு, குழந்தைக்கென்று பழைய வாயில் புடவைகளைக் கிழித்து மடித்த துணி எல்லாம் பெட்டிக்குள். முக்கியமான காகிதங்களையும் மஞ்சள் வைத்து உள்ளேயே பூட்டச் சொல்லியிருந்தார் ஏஜெண்டு. தெரு முழுக்க வந்து வழியனுப்பியது. எதிர்வீட்டு அம்மாள் அழுதாள். அம்மாவும் அழுதாள். நானும் அழுதேன், பிறகு இரண்டு தெரு நடந்துபோய் அவளை ஏஜெண்டு வீட்டில் விட்டுவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலமே அக்காவுக்கு என்னைக் கடிதம் எழுதச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதினேன்: இன்று காலை நல்ல நேரத்தில் வீட்டிலிருந்து புறப்பட்டுவிட்டேன், நீ தைரியமாக இரு. அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அந்தக் கடிதத்தை எழுதிய கைக்காக நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

மூன்று நாள் போனது. பாஸ்போர்ட் வரவில்லை. மெட்ராசில் ஒரு காகிதம் கேட்கிறார்கள் என்று ஏஜெண்டு வந்து சொன்னார். அம்மாவின் பிறப்புச் சான்று, பிரெஞ்சுக்காரன் காலத்தில் மேரியில், அதாவது முனிசிபாலிட்டியில், கொடுத்தது. அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டதாக ஏஜெண்டு சொன்னார். ஏஜெண்டிடமே இருப்பதாக அம்மா சொன்னாள். மேசை, பீரோ, உலகப்படத்தின் பின்பக்கம் எல்லாம் தேடினோம். சரி, புதிதாக ஒரு நகல் வாங்கிவிடலாம் என்று எழுதிப் போட்டுவிட்டு உட்கார்ந்தோம்.

பத்தாம் நாள் ஏஜெண்டு முகம் வாடி நின்றார். பரஸ்தானம் பத்து நாளைக்குத்தான் செல்லுமாம். இடத்தை மாற்றினால் புதுக் கணக்காம். ஆகவே அம்மாவும் பெட்டியும் பின்னறையிலிருந்து முன்னறைக்கு வந்தார்கள். இருபதாம் நாள் மாடிக்கு ஏறினார்கள்.

"இப்பத்தான் கொஞ்சம் ஒசரம் எடுக்குது" என்றார் அப்பா.

ஆனால் அப்பாதான் அதில் ரொம்பவும் ஆடிப்போனவர். நான் சமைப்பதை நானே சாப்பிட முடியாது. ஒரு வாரத்தில் அப்பா இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் சைக்கிளை நேராக ஏஜெண்டு வீட்டுக்கு விட ஆரம்பித்தார். அங்கே அம்மா குழம்பு வைத்துக்கொண்டிருப்பாள், ஏஜெண்டின் மனைவி கரண்டியை எப்போதோ ஒப்படைத்துவிட்டிருந்தாள். சாப்பிட்டுக் கை கழுவியதும் அப்பா தினமும் ஒரே பேச்சைத்தான் பேசுவார்.

"போதும் வா. வீட்டுல இருந்து காத்திருந்தா பாஸ்போர்ட்டு வராதா?"

"பாதி வழியில திரும்பச் சொல்றீங்களா? அவளுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சின்னா நீங்களா பதில் சொல்வீங்க?"

அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார்.

நடுவில் அம்மா அந்த ஆபீசையே எடுத்து நடத்தினாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஊறுகாய் ஜாடியை எப்படிக் கட்டுவது, பிளேனில் தண்ணீர் கேட்டால் கொடுப்பார்களா, பாரீஸ் குளிருக்கு எத்தனை ஸ்வெட்டர் என்று வருகிறவர்கள் அவளைத்தான் கேட்டார்கள். ஒரு சொல்தா, மெடலைக் குத்திக்கொண்டு வந்தவர், "நீங்க எத்தினி தடவ போயிருக்கீங்கம்மா?" என்றார்.

"இப்ப போய்க்கினுதான் இருக்கேன்" என்றாள் அம்மா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அக்காவுக்கு உண்மைய எழுதிடறேம்மா. அவ தெனம் வாசலப் பாத்துக்கினு இருப்பா" என்றேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிரயாணத்தில் இருக்கும்போது இன்னும் போகவில்லை என்று எழுதினால் பயணம் தடைபட்டுவிடும் என்றாள். ஏஜெண்டும் தலையாட்டினார். அவர்கள் மேல் வந்த கோபத்தில் நான் பேனாவை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. எனக்கும் உள்ளுக்குள் ஒரு பயம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இருபத்தொன்பதாம் நாள் மத்தியானம் வீட்டுக்குத் தந்தி வந்தது. பிரசவம் இரண்டு வாரம் முந்திவிட்டது. பெண் குழந்தை, இருவரும் நலம் என்று இருந்தது. அதோடு முடித்திருக்கலாம், தந்தியில் ஒவ்வொரு வார்த்தைக்கும் காசு. ஆனால் அக்கா இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்திருந்தாள். "அம்மா எங்கே?"

அப்பா அப்போதுதான் ஏஜெண்டு வீட்டில் சாப்பிட்டு முடித்திருந்தார். நான் ஓடிப்போய்ப் படித்துக் காட்டினேன். குழந்தை என்றதும் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். கடைசி இரண்டு வார்த்தையைக் கேட்டதும் கையை இறக்கினாள். மாடிக்குப் போய்ப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"பெட்டியத் தொறக்கக் கூடாதுக்கா" என்றார் ஏஜெண்டு.

"இனிமே தொறந்தா என்ன, தொறக்காட்டி என்ன? துணியெல்லாம் அடுப்படிக்குக் கரித்துணியா ஆக்கிக்கிறேன்."

பூட்டைத் திறந்தாள். லேகியத்தில் எறும்பு மொய்த்திருந்தது. குழந்தைத் துணியின் மேல் மடிப்பில், மஞ்சள் பட்டு, பழுப்பேறி, முத்திரையோடு இருந்தது பிறப்புச் சான்று. இருபத்தொன்பது நாளாக அம்மா அந்தப் பெட்டியில் சாய்ந்துகொண்டுதான் தூங்கியிருக்கிறாள்.

யாரும் யாரையும் திட்டவில்லை. திட்ட எனக்கு வார்த்தை நிறைய இருந்தது, யாரிடமிருந்து ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. ஏஜெண்டு தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அம்மா அந்தக் காகிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

"பெத்தாச்சி. என் பொண்ணு தனியாத்தான் பெத்தா. வா, ஊட்டுக்குப் போவலாம்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். அப்பா சைக்கிளில் எங்களைத் தாண்டி வேகமாகப் போனார். கதவைத் திறந்து வைக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். பாவம், ஒரு மாதமாக அவர் கேட்டதும் அதைத்தானே.

நாங்கள் போனபோது அப்பா வாசலில் நின்றிருந்தார். இரண்டு கையையும் நிலைக்கட்டையில் வைத்து வழியை மறித்துக்கொண்டு.

"படியில கால வெக்காத" என்றார்.

அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. எதிர்வீட்டு அம்மாள் வெளியே வந்து நின்றாள்.

"நவுருங்க. எல்லாம் முடிஞ்சி போச்சி."

"எது முடிஞ்சிது? அம்மா எங்கன்னு கேக்குறா இல்ல? அவளுக்குப் போய்ப் பதில் சொல்லிட்டு வா. அப்புறம் இந்தப் படி ஏறலாம்." அப்பா நிலைக்கட்டையை விடவில்லை.

"தெருவுக்குள்ளயே வந்துட்டேனே. பரஸ்தானம் போச்சே" என்று அம்மா விசும்பினாள்.

சாமி கும்பிடாத அப்பா வாசற்படியைக் குனிந்து பார்த்தார். அம்மாவின் காலையும் பார்த்தார். நடுவில் ஒரு முழம் இடைவெளி இருந்தது.

"படி ஏறல இல்ல? செல்லும்" என்றார்.

பெட்டியை வாங்கி சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டினார். மூன்று பேரும் திரும்பி நடந்தோம். ஏஜெண்டு அதற்குள் சட்டை போட்டுக்கொண்டு, சான்றைப் பையில் வைத்து, மெட்ராஸ் பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றார். அப்போது ராகுகாலம். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அம்மாவை மறுபடியும் மாடியில் விட்டுவிட்டு, அப்பா என்னைத் தபாலாபீசுக்கு அழைத்துப்போனார். தந்திப் படிவத்தை என் கையில் கொடுத்து, "எழுது. அம்மா வழியில்" என்றார். எழுதினேன். இந்த முறை வெட்கமில்லை.

படிவத்தை வாங்கிய குமாஸ்தா அப்பாவுக்குத் தெரிந்தவர். முகவரியைப் பார்த்துவிட்டு மரியாதையோடு கேட்டார். "பாரீசுக்கா? எது வரைக்கும் போயிருக்காங்கண்ணே?"

"ரெண்டு தெரு தாண்டிட்டா" என்றார் அப்பா.