ஸ்டியரிங் கனத்த கதை

"அண்ணாச்சி, சாயங்காலம் வண்டிய வாங்க ஆள் வருதாங்க. அதுக்கு முன்னால ஒரு எட்டு வந்து பாத்துருங்க. கோளாறு வண்டியிலயா, எங்கிட்டயான்னு எனக்குத் தெரியணும்."

போனில் கேட்டவர் செல்வி டீச்சர். வீடு சங்கரன்கோவிலில், வேலை மேலநீலிதநல்லூர்ப் பள்ளிக்கூடத்தில். வீட்டுக்காரர் துபாயில். அவர் விட்டுப்போன காரைத் தானே ஓட்டிப்போக ஆசைப்பட்டு லைசென்ஸ் எடுத்தவர். டிரைவிங் ஸ்கூல் வண்டியை நன்றாகத்தான் ஓட்டினார். சொந்த வண்டியில்தான் தெருமுனையில் திருப்ப முடியவில்லை. ஒருநாள் எதிர்வீட்டு வாசல்படியில் போய் இடித்துவிட்டார். காரை விற்றுவிடுவோம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

கார் ரிப்பேர் பட்டறையை மகனிடம் விட்டு நாளாகிறது. ஆனாலும் போன் வந்தால் எனக்குக் கால் நிற்காது. ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

வாசலில் டீச்சரின் கொழுந்தன் முருகேசன் நின்றான். வீட்டுக்குப் பின்னால் விசைத்தறி போட்டிருக்கிறான். நல்ல பையன், வாய்தான் கொஞ்சம் நீளம்.

"மதினிக்குக் கையில பலம் பத்தாது அண்ணாச்சி. பவர் ஸ்டியரிங்கையே திருப்ப முடியலன்னா என்ன செய்ய?"

"நீ உக்காந்து திருப்பு, பாப்போம்."

ஸ்டார்ட் செய்து திருப்பினான். பானெட்டுக்குள் ஊய்ங் என்று ஒரு முனகல். சக்கரம் பாதி திரும்புவதற்குள் கழுத்து நரம்பு புடைத்துவிட்டது.

"ஏசி ஓடுது, அதான்," என்றான். ஏசி ஓடவே இல்லை.

ஸ்டியரிங் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்தேன். ஒரே நுரை. சிவப்பாக இருக்கவேண்டிய ஆயில் கருத்துக் கொழகொழவென்று கிடந்தது. மோந்து பார்த்தேன். தறி ஓடுகிற ஊர்க்காரனுக்கு அந்த வாசனை தெரியாதா?

"ஏலே முருகேசா, இதுல என்னத்தல ஊத்துன?"

"லெவல் எறங்கிக் கெடந்துச்சு அண்ணாச்சி. தறிக்கு ஊத்துற மெஷின் ஆயில் கையில இருந்துச்சு. எண்ணெய்னா எண்ணெய்தானன்னு..."

"அட கிறுக்கா! வீட்டுல நல்லெண்ணெய் தீந்தா தோசைக்கும் அதைத்தான் ஊத்துவியோ?"

டீச்சர் சிரிக்கவில்லை. "எனக்குத்தான் கை லாயக்கில்லன்னு நானும் நம்பிட்டேனே அண்ணாச்சி," என்றார். கண் கலங்கிவிட்டது. எனக்கும் மனசு கேட்கவில்லை. இவனை நாலு அறை அறைந்தால் என்ன என்றுகூடத் தோன்றியது.

இனி வேலை. சின்னப் பிள்ளைகள் கவனித்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுக்கவேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் படுக்கிறவன் வீட்டுக்காரிக்கு விரோதி. டப்பாவுக்குத் திரும்பி வருகிற ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி, அதன் முனையைக் காலிக் கேனில் விடவேண்டும். ஹோஸ் கழன்றதால் டப்பாவில் திறந்து கிடக்கிற ஓட்டையை அடைக்கவேண்டும். எந்த ஆயில் என்று மூடியிலோ மேனுவலிலோ இருக்கும். அதை மட்டும் ஊற்றவேண்டும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யக்கூடாது. ஒருவர் ஸ்டியரிங்கை இடது கடைசிக்கும் வலது கடைசிக்கும் மாறி மாறித் திருப்ப, இன்னொருவர் டப்பா வற்றாமல் ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும்.

"நான் திருப்புதேன்," என்று முருகேசன் வந்தான்.

"தள்ளுங்க. என் வண்டி, நான்தான் திருப்புவேன்," என்று டீச்சர் ஏறி உட்கார்ந்தார்.

அவர் திருப்பத் திருப்பக் கேனில் கருப்பாக விழுந்தது பழுப்பாகி, கடைசியில் புது ஆயிலே சிவப்பாக வந்தது. ஹோஸை மாட்டி, காற்றுக் குமிழி அடங்கும்வரை இன்னும் கொஞ்சம் திருப்பச் சொன்னேன். பிறகு வண்டியை இறக்கி, "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க டீச்சர்," என்றேன்.

முனகல் இல்லை. ஸ்டியரிங் ஒற்றைக் கைக்குச் சுழன்றது. டீச்சர் கியரைப் போட்டு வெளியே போய்விட்டார்.

வண்டி வாங்குகிறவர்கள் வந்து உட்கார்ந்திருக்கும்போதுதான் திரும்பி வந்தார். அந்தக் குறுகல் தெருவில் ரிவர்ஸ் எடுத்து, ஒரே மூச்சில் வாசலுக்குள் விட்டார். வந்தவர்களில் ஒருவர் எழுந்து சாவிக்குக் கையை நீட்டினார். டீச்சர் சாவியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"காப்பி குடிச்சிட்டுப் போங்கண்ணே. வண்டி விக்கதா இல்ல."

வண்டி திரும்பவில்லை என்றால் முதலில் டப்பா மூடியைத் திறந்து பாருங்கள் என்று இப்போது போகிற வீட்டிலெல்லாம் சொல்லுகிறேன். மூடியைத் திறக்காமலே, கைக்குப் பலம் இல்லை என்று நம்பிக்கொண்டு, எத்தனை பெண்கள் காரை விற்றுவிட்டுப் பஸ்ஸுக்கு நிற்கிறார்களோ.