கடைசல் பட்டறையில் அறுந்த கயிறு

போன வாரம் இடுப்பு வலிக்காகப் பெரம்பலூரில் ஸ்கேன் எடுக்கப் போயிருந்தேன். வாசலில் நின்ற பெண், "தோடு, தாலி எல்லாத்தையும் கழட்டிக் குடுத்துட்டு வாங்கம்மா" என்றாள். எனக்கு முன்னால் நின்ற அம்மாள் கண்கலங்கிவிட்டார். கணவரைக் கூப்பிட்டு, சாமி பெயர்களையெல்லாம் சொல்லிக் கழற்றக் கால்மணி நேரம் ஆனது. நான் தலைவழியாக ஒரே இழுப்பில் கழற்றி என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவர் சிரித்தார். எங்களுக்கு இது புதிதில்லை. முப்பது வருடத்துக்கு முன்பே ஒருமுறை என் தாலி அறுந்திருக்கிறது. அறுத்தவர் செல்வராசு அண்ணன்.

பதறாதீர்கள், சொல்கிறேன்.

அப்போது உடையார்பாளையத்தில் எங்களுக்கு ஒரு கடைசல் பட்டறை இருந்தது. கட்டில் காலும் தொட்டில் குச்சியும் கடைந்து கொடுப்போம். இருந்தது இரண்டு மெஷின். ஒன்றில் நான், பக்கத்தில் செல்வராசு அண்ணன். தா.பழூர்க்காரர், உறவுக்காரர் இல்லை, கூட வேலை பார்த்தவர். மரம் வாங்குவதும் சரக்கு கொண்டுபோய்க் கொடுப்பதும் என் வீட்டுக்காரர் வேலை.

இப்போதும் எங்காவது வேப்பங்கட்டையை அறுக்கும் வாசனை வந்தால் என் கை தானாகக் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றும். கட்டையின் இரண்டு முனையிலும் நடுவைக் குறித்து, மெஷினின் இரண்டு கூர்களுக்கு நடுவே இறுக்கி மாட்டியதும் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பேன், உளியைத் தாங்கும் சட்டத்தில் எங்கேயாவது இடிக்கிறதா என்று. மோட்டாரைப் போடும்போது கட்டைக்கு நேரே நிற்கமாட்டேன். வெடிப்பு விட்ட கட்டை தெறித்தால் முகத்தைப் பார்த்துத்தான் வரும். சமையலில் இதில் பாதிக் கவனம் இருந்திருந்தால் என் வீட்டுக்காரர் இத்தனை கருகிய குழம்பு சாப்பிட்டிருக்கமாட்டார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நீலச் சட்டை. அவருடைய பழைய சட்டை. புடவைக்கு மேலே போட்டுக் கழுத்துவரை பொத்தானை மாட்டிக்கொண்டால் முந்தானையும் தாலியும் உள்ளேயே கிடக்கும்.

அன்றைக்கு ஆடிப் பதினெட்டு. காலையில் கொள்ளிடத்துக்குப் போய்க் குளித்து, தாலிக்குப் புதுக்கயிறு மாற்றிக்கொண்டு நேரே பட்டறைக்கு வந்துவிட்டேன். ஆவணிக் கல்யாணங்களுக்கான கட்டில் கால்கள் குவிந்து கிடந்தன. மேலே மாம்பழ நிறப் புதுப்புடவை. அதன்மேல் அந்த அழுக்குச் சட்டையா? மனசு வரவில்லை. ஒரு நாள்தானே என்று ஆணியிலேயே விட்டுவிட்டேன். அழகு பார்த்த லட்சணம் அது.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது உளி தாங்கும் சட்டத்தைக் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் விரல் இடையில் மாட்டும். அதைச் சரியாகத்தான் செய்தேன். கட்டில் காலின் குமிழ் வழவழப்பாகிவிட்டதா என்று குனிந்து பார்த்தேன். புதுக்கயிறு, நீளம் வேறு. வெளியே சரிந்து தொங்கியதை ஓடுகிற கட்டை சுருட்டிக்கொண்டது. இரண்டு கையையும் ஊன்றித் தலையைப் பின்னால் இழுத்தேன். கத்தக் குரல் வரவில்லை. செத்தேன் என்றுதான் நினைத்தேன்.

சுவிட்ச் வாசல்பக்கச் சுவரில் இருந்தது. செல்வராசு அண்ணன் அங்கே ஓடவில்லை. கையிலிருந்த உளியை என் கழுத்துக்கும் கட்டைக்கும் நடுவே கொடுத்து ஒரே வெட்டு. நான் பின்னால் போய் விழுந்தேன்.

அவர் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். கட்டையில் மஞ்சள் கயிறு சுற்றியிருந்தது. எதை அறுத்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அய்யோ தங்கச்சி, என்ன காரியம் பண்ணிப்புட்டேன்! மொதலாளி மொகத்துல எப்புடி முழிப்பேன்?"

தரையில் உட்கார்ந்து அழுதார். எனக்குக் கழுத்தில் ரத்தம் கசிகிறது, நான் அவருக்குத் தண்ணீர் மொண்டு கொடுக்கிறேன்.

என் வீட்டுக்காரர் அரியலூர் பஸ்ஸில் வந்து இறங்கினார். என் கழுத்தைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். பிறகு அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அண்ணே, நீங்க அறுத்தது கயிறத்தானே? நான்தான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல. நீங்க சாங்கியம் பாத்துக்கிட்டு நின்னிருந்தா இவ இருந்திருப்பாளா?"

மூன்று பேருமாக மரச்சீவலைக் கிளறித் தாலியைத் தேடி எடுத்தோம். கூடக் கோத்திருந்த ஒரு குண்டு மட்டும் கிடைக்கவேயில்லை. வேறு கயிறு வாங்கி வந்து, அதை அண்ணன் கையால் எடுத்துக் கொடுக்கச் சொல்லித்தான் என் வீட்டுக்காரர் கட்டினார். மறுநாள் சுவிட்ச் மெஷினுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது.

அதன்பிறகு ஒவ்வொரு ஆடிப் பதினெட்டுக்கும் தாலிக்கயிறும் மஞ்சளும் அண்ணன் கொண்டுவருவதுதான். பட்டறையை விற்ற பிறகும் பஸ் ஏறி வருவார். என் வீட்டுக்காரரைக் கண்ணால் பார்க்காமல் வாசற்படி தாண்டமாட்டார்.

"மாப்ள, ஒடம்புக்கு ஒண்ணுமில்லியே?"

மொதலாளி எப்போது மாப்ளயானார் என்று எனக்கு நினைவில்லை. அன்றைய வெட்டு எங்கே பலித்துவிடுமோ என்ற பயம் அந்த மனுசனுக்குக் கடைசிவரை போகவில்லை. என் வீட்டுக்காரருக்கோ அதில் குறும்பு. அண்ணன் தலை தெரிந்ததும் வேண்டுமென்றே இருமுவார். ஒரு வருடம் அதை நம்பி அண்ணன் அவரை ஆஸ்பத்திரிக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

போன பங்குனியில் செல்வராசு அண்ணன் போய்விட்டார்.

முந்தாநாள் ஆடிப் பதினெட்டு. கயிற்றை நானே கடையில் வாங்கினேன். என் வீட்டுக்காரர் காலையிலேயே குளித்து, வெளுத்த சட்டை போட்டு, வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தா.பழூர் பஸ் வந்து நின்று போனது. அந்தப் பக்கம் பார்த்து லேசாக இருமினார்.

"நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார் என்னிடம். "அத இனிமே யாருகிட்டப் போயிச் சொல்றது?"