கட்டைவிரல் எங்கே தொடங்குகிறது

எங்கள் கம்பெனியில் அவளுக்கு ‘அரை சென்டி’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வோம், முன்னால் சொல்லும் தைரியம் யாருக்கும் கிடையாது. கையுறை, குல்லா, மஃப்ளர் என்று நாங்கள் பின்னி அனுப்பும் ஒவ்வொன்றுக்கும் ஸ்பெக் எழுதுவது அவள் வேலை. எந்த நூல், ஓரத்தில் இழுத்துப் பிடிக்கும் ரிப் பட்டை எவ்வளவு உயரம், விரல் எவ்வளவு நீளம், துவைத்தால் எவ்வளவு சுருங்கலாம், லேபிளை எந்தப் பக்கம் தைப்பது என்று எல்லாம் அந்தத் தாளில் இருக்கும். பக்கத்து மேசையில் உட்கார்ந்து படம் வரைவது நான். அவள் எழுதும் எண்ணுக்கெல்லாம் என் படத்தில் அம்புக்குறி போட வேண்டும், அவ்வளவுதான் என் உத்தியோகம்.

பின்னல் துணி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அதனால் எந்தக் கம்பெனியிலும் ஒரு சென்டி கூடக்குறைய வந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள். இவள் அரை சென்டிக்கு மேல் விட மாட்டாள். “ஒரு சென்டி விட்டா ரெண்டு சென்டி திருடுவாங்க” என்பாள். சென்டியைத் திருடி என்ன பண்ணப் போகிறார்கள் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். அந்த வாரம் முழுக்க என் அம்புக்குறிகள் எல்லாம் கோணல் என்று பேச்சு வாங்கினேன்.

அவள் யாரையும் நம்ப மாட்டாள். காலையில் வந்ததும் அளவு நாடாவை இரும்பு ஸ்கேலோடு வைத்துச் சரிபார்ப்பாள், ராத்திரி அது நீண்டிருக்குமாம். சட்டை நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் “என்ன வேணும்?” என்று கேட்பாள். அவள் நம்பிய ஒரே ஆள் அவள் தங்கை. அம்மா அப்பா போன பிறகு ஒருத்திக்கு ஒருத்திதான் துணை. ஒரே வீடு, ஒரே பஸ், ஒரே டிபன் டப்பா. தங்கையை சாம்பிள் ரூமில் சேர்த்துவிட்டவளும் இவள்தான். ஸ்பெக்கை வைத்துக்கொண்டு முதல் ஜோடியை மெஷினில் பின்னிப் பார்ப்பது தங்கையின் வேலை. நல்ல கை அவளுக்கு. அக்காவைப் போல முணுக்கென்று கோபம் வராது.

அப்படி இருந்தவளுக்குக் கடைத்தெருவில் கண்ட ஒரு ஜோடி கையுறையால் மனம் தடுமாறிப் போயிற்று. பக்கத்துக் கம்பெனியின் லேபிள், ஆனால் எங்கள் கையுறை. மணிக்கட்டில் அதே கோடுகள், கட்டைவிரல் அடியில் அதே முக்கோணத் துண்டு. வாங்கி வந்து என் மேசையில் போட்டு அளந்தாள். ஒவ்வோர் எண்ணும் அவள் எழுதியது.

“யாரோ என் ஸ்பெக்கை வெளிய குடுக்கறாங்க” என்றாள்.

“யாரு?”

அவள் சாம்பிள் ரூம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருத்தி தங்கையோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். டீ நேரத்தில் இருவரும் வாசலில் நின்று சிரித்துப் பேசுவது எல்லோருக்கும் தெரியும். இத்தனை நாள் அது சிரிப்பு. அன்றிலிருந்து அது இவளுக்குச் சதி. தங்கை குளிக்கப் போனால் அவள் பையைத் துழாவினாளாம். போன் அடித்தால் யார் என்று கேட்காமல், கேட்காத மாதிரி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். இதெல்லாம் பிற்பாடு அவளே என்னிடம் சொன்னது.

அடுத்த கையுறைக்கு ஸ்பெக் எழுதும்போது ஒரு வேலை செய்தாள். மணிக்கட்டு ரிப் முடிந்து ஐந்து சென்டியில் கட்டைவிரல் தொடங்க வேண்டும். தங்கைக்குப் போன தாளில் மட்டும் ஆறரை என்று போட்டாள். பார்த்தால் தெரியாது, போட்டுப் பார்த்தால்தான் தெரியும். நாளைக்கு அந்த ஆறரைக் கட்டைவிரல் கடைத்தெருவில் தொங்கினால் திருடி கையும் களவுமாக மாட்டிக்கொள்வாள் என்று கணக்கு.

கடைத்தெரு வரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை. தங்கை பின்னிக் கொடுத்த சாம்பிளை இவள் அளந்தாள். கட்டைவிரல் ஐந்தில் இருந்தது. நாடாவை மாற்றி அளந்தாள், அப்போதும் ஐந்து. வேறு யாராக இருந்தாலும், அட, பிள்ளை கண்டுபிடித்துவிட்டாளே என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள். இவள் புத்தி வேறு பக்கம் ஓடியது. நான் ஆறரை கொடுத்தேன், இவள் ஐந்தில் பின்னுகிறாள் என்றால் இவளிடம் இன்னொரு தாள் இருக்கிறது. இரண்டு கம்பெனிக்கும் பின்னுகிறாள், அவசரத்தில் தாளை மாற்றிவிட்டாள் என்று முடிவு கட்டினாள். எனக்குக் கூட ஒரு வார்த்தை சொல்லாமல் நேராக மேனேஜரிடம் போய்விட்டாள்.

படம் வரைந்தவன் என்று என்னையும் கூப்பிட்டார்கள். மேனேஜர் மேசையில் தாளும் கையுறையும் கிடந்தன. தங்கை விரலில் ஒட்டிய நூலைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

“என்னம்மா, இதுல ஆறரைன்னு இருக்கு. நீ அஞ்சுல பின்னியிருக்க. ஏன்?”

தங்கை தாளைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “கவனிக்காம பண்ணிட்டேன் சார். என் தப்புதான்” என்றாள்.

“பாத்தீங்களா சார்” என்று அரை சென்டி எழுந்துவிட்டாள். “கவனிக்காம பண்ணா நாலுல வரும், ஏழுல வரும். கரெக்டா அஞ்சுல எப்படி வரும்? அந்த நம்பரை உனக்கு யாருடி குடுத்தா?”

“யாரும் குடுக்கலக்கா.”

“பொய் சொல்லாத. ஆறரை நான் வேணும்னே போட்ட நம்பர். அஞ்சுதான் சரின்னு உனக்கு எப்படித் தெரியும்?”

தங்கைக்கு அது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. “போட்டுப் பாத்தேன்க்கா. கட்டைவிரல் இழுத்துச்சு. அசதியில மாத்தி எழுதிட்டபோலன்னு பிரிச்சுட்டு மறுபடி பின்னினேன். சார் கண்ணுல பட்டா உன்னைத் திட்டுவாரேன்னுதான் யார்கிட்டயும் சொல்லல.” அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: “வேணும்னேயா போட்ட?”

எனக்கு அந்த அறையை விட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. மேனேஜருக்கு இந்த நாசூக்கெல்லாம் எட்டவில்லை. அவர் கடைத்தெருக் கையுறையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். “இதுக்கா இவ்வளவு? டிசைன் நமக்கு ஆர்டர் குடுக்கற பையரோடதும்மா. போன தடவை பாதி ஆர்டரை நம்ம ஸ்பெக்கோடயே பக்கத்துக் கம்பெனிக்குக் குடுத்துட்டான். மிஞ்சினது கடைக்கு வந்திருக்கும். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

தங்கை மெஷினுக்குத் திரும்பிப் போனாள்.

அன்று சாயங்காலம் அரை சென்டி மன்னிப்புக் கேட்டாளாம். தங்கை “பரவால்ல, விடு” என்றாளாம். வீட்டில் சண்டை இல்லை, அழுகை இல்லை. அதே பஸ், அதே டிபன் டப்பா. கம்பெனிக்குள் மட்டும் அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். எல்லோரையும் போல ‘மேடம்’ என்றாள், ‘நீங்க’ என்றாள். முதல் நாள் கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். கேலி இல்லை.

அதற்கப்புறம்தான் குழந்தைக் குல்லா வந்தது. இரண்டு பக்கமும் காதை மூடும் மடல் தொங்க வேண்டும். பின் தையலிலிருந்து எட்டு சென்டியில் ஒரு மடல், மறுபக்கம் அதே எட்டில் இன்னொன்று. என் படத்தில் அப்படித்தான் இருந்தது. இந்த முறை எந்தக் கணக்கும் இல்லை, உள்நோக்கமும் இல்லை. மனது சரியில்லாமல் எழுதியதில் இடது மடலுக்குப் பதினெட்டு என்று விழுந்துவிட்டது. அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

பையருக்கு அன்றே பார்சல் போக வேண்டும். தங்கை ஆறு நிறத்தில் ஆறு குல்லாவைக் கொண்டுவந்து வரிசையாக அடுக்கினாள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது, தையல் அவ்வளவு சுத்தம். ஆறிலும் ஒரு மடல் காதில் இருந்தது, இன்னொன்று நெற்றியில் தொங்கியது.

அரை சென்டி தாளை எடுத்துப் பார்த்தாள். முகம் செத்துவிட்டது. நாடாவை எடுக்கவில்லை, யாரையும் திட்டவில்லை. ஒரு குல்லாவைக் கையில் எடுத்துக்கொண்டு, கெஞ்சுகிற மாதிரி கேட்டாள்: “ஏண்டி, பின்னும்போதே உனக்குத் தெரியலையா?”

“தெரிஞ்சுது மேடம்” என்றாள் தங்கை. குரலில் குத்தல் துளிகூட இல்லை. “வேணும்னேதான் போட்டிருப்பீங்கன்னு நினைச்சேன்.”