ஆறினால் நொறுங்கும் உலோகம்

போன வாரம் குளியலறைக் குழாயை மாற்ற வந்த பிளம்பர், "குரோமியம் பூச்சு சார், உங்க ஆயுசுக்கும் பளபளன்னு இருக்கும்" என்றார். சிரித்துவைத்தேன். என் இளமையைத் தின்றதே அந்த உலோகம்தான், அவருக்கு எப்படித் தெரியும்?

எழுபதுகளில் திருப்பதியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. பெரிதாக நினைத்துவிடாதீர்கள், தகரக் கூரை போட்ட கொட்டகை. சித்திரை வெயிலில் உலைக்குள் சூடு அதிகமா வெளியே அதிகமா என்று தெரியாது. ஜெட் என்ஜினுக்குள் சுழலும் இதழ்களை நிக்கலுக்குப் பதில் குரோமியத்தில் செய்ய முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். எடை குறைவு, அதிகச் சூடு தாங்கும். ஆனால் ஆறிவிட்டால் பீங்கான் மாதிரி, கைதவறினால் தூள்.

என்னோடு இருந்தவன் ஞானமணி, சித்தூரில் பழைய கிறிஸ்தவ மிஷன் சபைக் குடும்பத்துப் பிள்ளை. பெங்களூரில் கிடைத்த வேலையை விட்டுவிட்டு வந்தவன். பேசிவைத்த பெண்ணையும் காத்திருக்கச் சொல்லியிருந்தான். "இது ஒண்ணு முடிஞ்சிட்டா போதும்பா, அப்பால கல்யாணம்" என்பான்.

குரோமியத்தோடு டாண்டலம் என்ற இன்னோர் உலோகமும் கரியும் துளி சேர்த்து உருக்குவோம். உள்ளே கண்ணுக்குத் தெரியாத கடினத் துகள்கள் உண்டாகி, சூட்டில் உலோகத்தை இளகவிடாமல் பிடித்துக்கொள்ளும். வலு கூடும், கூடவே நொறுங்குவதும் கூடும். வருஷங்கள் இப்படியே போயின. அந்தப் பெண்ணைப் பலமனேரில் வேறொருவருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கும் அவன் உலையருகில்தான் நின்றான். டீ வாங்கிவந்து கொடுத்தேன். குடிக்கவில்லை.

ஒருநாள் ஆறிய தகடு ஒன்றை இடுக்கியில் வைத்து அழுத்தினான். உடையவில்லை. "தோ பாருபா, வளைஞ்சிகினே போவுது!" என்று கத்தினான், அழுதான்.

பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். காற்றுப் படச் சூடாக்கிக் காட்டச் சொன்னார்கள். நாங்களோ எப்போதும் காற்றை வெளியேற்றிவிட்டு, ஆர்கான் வாயுவை நிரப்பித்தான் சூடாக்குவோம். என்ஜினுக்குள் அதற்கு எங்கே போவது? காற்றிலேயே சூடாக்கினோம். தகடு ஆறிய பிறகு ஞானமணியே அழுத்தினான். டக்கென்று ஒரு சத்தம். காற்றிலிருந்த நைட்ரஜன் உள்ளே புகுந்து உலோகத்தைக் கெடுத்துவிட்டது. "நிக்கலே போதும்" என்று சொல்லிவிட்டு அவர்கள் காரில் ஏறினார்கள். எங்கள் தலைவர், "அயிப்போயிந்தி, ஞானமணி" என்றார் தெலுங்கில். முடிந்துவிட்டது என்று அவனுக்கு யாரும் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மண்டியிட்டுத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

திட்டத்தை மூடினார்கள். எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது, அவன் சித்தூருக்குப் போனான். பார்க்கப் போனபோது அவன் அப்பா வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். "சோறு வெச்சா துன்றான். வாயத் தொறக்க மாட்டேன்றான். நீயாவது கேளுப்பா."

கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். "ஏதாச்சும் பேசேன்டா" என்றேன்.

"காத்து இல்லாத எடம் எங்க கீது, சொல்லு?" என்றான்.

பிறகு ஒரு காலையில் வீட்டைவிட்டுப் போய்விட்டான். கோயில் பக்கமே போகாத அவன் அப்பா, திருமலைக் கூட்டத்தில் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அவரும் போய்ச் சேர்ந்தார். உலை பழைய இரும்புக்குப் போனது, கொட்டகை இருந்த இடத்தில் லாட்ஜ். சித்தூர் வீட்டையும் இடித்துவிட்டார்கள். இனி அவன் திரும்பி வந்தாலும், நீ இந்த வீட்டுப் பிள்ளைதானே என்று கேட்க அந்தத் தெருவில் யாரும் இல்லை.