காரின் முகத்தில் கட்டிய மாலை

சில வருடங்களுக்கு முன், ஓர் ஆனி மாத வெயிலில், ஜெர்மனியின் பிராங்பேர்ட்டிலிருந்து வெளியூர் மண்டபம் ஒன்றுக்குப் போகும் ஓட்டோபான் நெடுஞ்சாலையில் நடந்தது இது. அன்று எனக்குக் கல்யாணம்.

கார் அண்ணாவுடையது. பழைய அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கி, பெரிய எட்டுச் சிலிண்டர் எஞ்சின் பூட்டி, கராஜிலேயே கிடந்து அவர் உருவாக்கிய 'ஹொட் ரொட்'. தங்கச்சியை அதில்தான் கொண்டுபோவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். கூட வந்த பெரியம்மாவோ, கல்யாணக் காரின் முகம் வெறுமையாக இருக்கக்கூடாது என்று, தடித்த மல்லிகை மாலைகளை முன்னுக்கும் பின்னுக்கும் நெருக்கிக் கட்டுவித்தார்.

பாதி வழியில் அண்ணாவின் முகம் மாறியது. ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த இரண்டு மானிகளின் முள்ளுகளை மாறிமாறிப் பார்த்தார். ஒன்று ஏறுகிறது, மற்றது இறங்குகிறது. எது நல்லது, எது கெட்டது என்றே எனக்கு விளங்கவில்லை.

"ஏறுறது ஒயில் சூடு, இறங்குறது ஒயில் பிரஷர். சூடேறினால் ஒயில் தண்ணி மாதிரிப் போயிடும், பிரஷர் விழுந்திடும். பிறகு உள்ளுக்க இரும்போட இரும்பு உரசி எஞ்சின் இறுகிப்போயிடும்" என்றார்.

"அப்ப முகூர்த்தம்?" என்றேன்.

வழியோரத் தரிப்பிடத்தில் நிறுத்தினார். ஒயில் அளவு சரி. ஒழுக்கு இல்லை. தண்ணீர்ச் சூடுகூடச் சரி. ஆறவிட்டுக் கிளப்பினால் பிரஷர் முள் நல்ல பிள்ளையாக மேலே நிற்கிறது. கொஞ்சத் தூரம் ஓடினால் மறுபடி விழுகிறது. அந்த எஞ்சினின் ஒவ்வொரு ஆணியையும் தன் கையால் பூட்டிய மனிதர், அடுத்த தரிப்பிடத்தில் தலையில் கைவைத்து நின்றார். சொந்தக்காரர் எல்லாரும் முன்னமே போய்விட்டார்கள். திரும்பி வந்து எங்களை ஏற்ற நேரமில்லை.

"எஞ்சின் போனால் போகட்டும். ஏறு, ஓடுற மட்டும் ஓடுவம்" என்றார் அண்ணா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தைத் துடைக்கத் திரும்பியபோதுதான் அந்த வாசம் வந்தது, சுடுதண்ணீரில் போட்ட மல்லிகை போல. காரைச் சுற்றிப் பார்த்தேன். பின்பக்க மாலை காலையில் கட்டியபடியே இருந்தது. முன்பக்க மாலை கீரை மாதிரி வதங்கித் தொங்கியது.

"அண்ணா, முன்னுக்கு இருக்கிற பூ மட்டும் ஏன் அவிஞ்சிருக்கு?"

ஒரு கணம் விழித்துப் பார்த்தவர், பாய்ந்து மாலையைப் பிய்த்தார். ஒயிலை ஆற்றும் கூலர் அதற்குப் பின்னால்தான் இருந்தது. காற்றுப் போக நாங்கள் விரற்கடை இடம்கூட விடவில்லை.

"நல்ல காரியத்துக்குப் போகேக்க பூவைப் பிய்க்காதை தம்பி!" என்று பெரியம்மா பதறினார்.

"அது மூச்சுவிட ஏலாமல் கிடந்திருக்கு, பெரியம்மா."

மாலையைப் பெரியம்மா மடியில் வைத்துக்கொண்டார். இம்முறை முள் விழவில்லை. தாலி கட்டும் நேரத்துக்குச் சற்று முன் மண்டப வாசலில் இறங்கினேன். முன்பக்கம் மொட்டையாக வந்த காரைப் பார்த்துச் சனம் முகம் சுளித்தது. அண்ணா மட்டும் அதைத் தடவிச் சிரித்தார்.

அன்போடு செய்வதெல்லாம் சுகமாகத்தான் இருக்குமா என்ற குழப்பம் எனக்கு இன்னும் தீரவில்லை. குளிர் நாட்களில், "காணும் அம்மா, போதும்" என்று என் சின்ன மகள் சிணுங்கச் சிணுங்க மூன்றாவது சுவெட்டரை எடுக்கும்போதெல்லாம், அந்த அவிந்த மல்லிகை வாசம் மூக்கில் வந்து நிற்கிறது. எடுத்ததை மெதுவாகத் திரும்ப வைத்துவிடுகிறேன்.