அணுபுரம் வாசலில் நின்றுபோகும் வண்டி

என் மாமாவின் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு வியாதி இருந்தது. வாரம் முழுக்கச் செங்கல்பட்டுக்கும் மறைமலைநகர் ஆலைக்கும் இடையே குதிரை மாதிரி ஓடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும், அணுபுரம் குடியிருப்பின் வாசலுக்கு வந்ததும் இருமி, முனகி, நின்றுவிடும். வேறு எந்த ஊரிலும் நிற்காது. அந்த வியாதியைக் குணப்படுத்தியவன் நான். வாழ்நாளில் நான் பழுது பார்த்த ஒரே இயந்திரமும் அதுதான். இன்று என் ஸ்கூட்டர் நின்றுபோனால் அதைத் துக்கம் விசாரிப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஆட்டோவைக் கூப்பிடுகிற ஆள் நான். ஆகவே அந்த ஒற்றை வெற்றியைச் சற்று விரிவாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்போது எனக்கு எட்டு வயது. மாமா என்பவர் அம்மாவின் தம்பி, கல்யாணம் ஆகாதவர். ஞாயிறு விடிந்ததும் அவரும் ஆலை நண்பர்கள் இருவரும் மூன்று வண்டிகளில் மாமல்லபுரம் கடற்கரைக்குக் கிளம்புவார்கள். நண்பர்களில் மூத்தவர் புல்லட் வைத்திருந்தார். அதனால் புல்லட் அண்ணன். சின்னவருடைய வண்டியின் சைலன்சரில் ஓட்டை. அவர் வீட்டில் கிக்கரை மிதித்தால் எங்கள் தெருவில் நாய்கள் எழுந்து நிற்கும். அவர் ஓட்டை அண்ணன். மாமாவுக்கு முன்னால், பெட்ரோல் டேங்கின் மேல் எனக்கு இடம். அதைவிட உயர்ந்த ஆசனம் எதிலும் அதற்குப் பிறகு நான் உட்கார்ந்ததில்லை. கீழே டேங்க் சூடாக அதிரும். எதிர்க்காற்று சட்டைக்குள் புகுந்து என்னைப் பூசணிக்காய் ஆக்கும். வாயைத் திறந்து கத்தினால் பூச்சி உள்ளே போகும். துப்பிவிட்டு மறுபடியும் கத்துவேன்.

மாமல்லபுரத்துக்குத் திருக்கழுக்குன்றத்திலிருந்து நேர்வழி உண்டு. நாங்கள் அதை விட்டுவிட்டு, அணுபுரம் போய், கல்பாக்கம் தொட்டு, கடலோரமாகச் சுற்றிக்கொண்டு போவோம். ஏன் என்று கேட்டதற்கு, “அந்த ரோட்ல காத்து நல்லா வரும்டா” என்றார் மாமா. நம்பினேன். உண்மையிலேயே காற்று நன்றாகத்தான் வந்தது.

மூன்று பேருக்கும் இடையே சில சட்டங்கள் இருந்தன. ஒருவர் வண்டி நின்றால் மற்ற இருவரும் நின்று, இன்ஜினை அணைத்துவிட்டு, ஆளுக்கொரு காரணம் சொல்ல வேண்டும். ஆனால் அடுத்தவர் வண்டியில் கை வைக்கக் கூடாது. அது அடுத்த வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்து குழம்பைக் கிளறுவதற்குச் சமம்.

“இன்னா மச்சான், மறுபடியும் புடிச்சுகிச்சா?” என்று ஆரம்பிப்பார் ஓட்டை அண்ணன்.

“பிளக்குல கரி,” என்று மாமா குனிந்து பிளக்கைக் கழற்றுவார்.

“போன வாரமும் கரின்ன. நீ வண்டி ஓட்றியா, அடுப்பு எரிக்கிறியா?”

“நீ பேசாத,” என்பார் புல்லட் அண்ணன். “உன் வண்டி வந்தா கோழி முட்டை போடுறத நிறுத்திக்குதாம். அவன் வண்டி நின்னாலும் மரியாதையா சத்தமில்லாம நிக்குது.”

சாலைக்கு எதிர்ப்புறம் பேருந்து நிறுத்தம். அங்கே ஒரு பெரியவரும் அவருடைய மகளும் ஞாயிறுதோறும் நிற்பார்கள். சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்பது கையிலிருந்த பைபிளில் தெரியும். மாமா பிளக்கைத் துடைப்பார், ஊதுவார், வெயிலில் பிடித்துப் பார்ப்பார், மறுபடியும் துடைப்பார். பேருந்து வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போன மறுநிமிடம், ஒரே மிதியில் வண்டி கிளம்பிவிடும். பேருந்து விடும் புகைக்கு ஏதோ மருத்துவ குணம் இருக்கிறது என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

வாசகர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குத்தான் புரியவில்லை.

ஒரு ஞாயிறன்று பெரியவர் செய்தித்தாள் வாங்கக் கடைப் பக்கம் போனார். அந்த அக்கா விறுவிறுவென்று சாலையைக் கடந்து மாமாவிடம் வந்தார்.

“அடுத்த வாரம் அப்பாகிட்ட பேசுங்க,” என்றார். “வேற எடத்துல பாத்துகினு கீறாங்க. பேச முடியலன்னா, வண்டிய வேற எங்கனா நிறுத்தி ரிப்பேர் பண்ணிக்கோங்க. இங்க வராதீங்க.”

சொல்லிவிட்டு வந்த வேகத்திலேயே திரும்பிப் போய்விட்டார். மாமா பிளக்கைத் தவறவிட்டார். அது உருண்டு என் காலடியில் நின்றது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பொதுச் சாலையில் வண்டியை நிறுத்தினால் இந்த அம்மாவுக்கு என்ன போகிறது? மாமா பாவம். கடற்கரையில் அவர் அலையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். நண்பர்கள் இருவரும் ஆலோசனை சொன்னார்கள். “நேரா போயி சொல்லுடா” என்றார் ஒருவர். “நேரா போனா செருப்பு நேரா வரும்” என்றார் மற்றவர். நான் மனத்துக்குள் ஒரு முடிவு எடுத்தேன். அடுத்த வாரம் அந்த வாசலில் வண்டி நிற்கக் கூடாது. மாமா இனி யாரிடமும் பேச்சு வாங்கக் கூடாது.

வண்டியை நோயாளிபோலக் கவனிக்க ஆரம்பித்தேன். வீட்டு வாசலில் நிற்கும்போதெல்லாம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். டேங்கின் அடியில் இடப்பக்கம் பெட்ரோல் டேப் இருக்கும். “மூடிட்டா கொஞ்ச தூரம் மிச்ச பெட்ரோல்ல ஓடும், அப்புறம் நின்னுடும்” என்று புல்லட் அண்ணன் எப்போதோ எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அணுபுரத்துக்கு முன்னால் ஒரு மதகு வரும். அந்த மதகில் மாமாவின் இடது கை கீழே போய் வருவது எனக்கு ஞாபகம் வந்தது. மாமா ஏதோ நினைவில் டேப்பை மூடிவிடுகிறார்! நோயைக் கண்டுபிடித்த மருத்துவனுக்கு உண்டாகும் பரவசத்தில் அன்றிரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த ஞாயிறு வந்தது. மாமா இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். முகத்தில் பவுடர் திட்டுத் திட்டாக இருந்தது. வழியெல்லாம் உதடு மட்டும் அசைந்தது. பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி எதையோ ஒப்பித்துக்கொண்டு வந்தார். மதகு வந்தது. கை கீழே போனது, வந்தது. நான் குனிந்து டேப்பைத் திறந்துவிட்டேன். ஒப்பித்துக்கொண்டிருந்தவருக்கு அது தெரியவே இல்லை.

நண்பர்கள் முன்னால் போய்ப் பழக்கப்படி வாசலில் நின்று, இன்ஜினை அணைத்து, முகத்தில் கவலையை வரவழைத்துக்கொண்டு திரும்பினார்கள். நிறுத்தத்தில் பெரியவரும் மகளும் நின்றிருந்தார்கள். எங்கள் வண்டி அவர்களைச் சர்ரென்று தாண்டியது! மாமா ஆக்ஸிலேட்டரைப் பார்த்தார், டேங்கைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். வண்டி பறந்துகொண்டிருந்தது. நான் இரண்டு கைகளையும் தூக்கி “ஹோ” என்று கத்தினேன். பின்னால் ஓட்டை அண்ணன், “டேய் நில்றா, இங்கதான்டா நிக்கணும்!” என்று அலறியது காற்றில் கேட்டது.

மாமாவுக்குப் பிரேக் என்று ஒன்று இருப்பது கடைசியில் நினைவுக்கு வந்தது. வண்டியைத் திருப்பினார். திரும்பி வந்து நின்றபோது, முதல்முறையாக அந்த வாசலில் அவருடைய வண்டி டபடபவென்று ஆரோக்கியமாக ஓடிக்கொண்டே நின்றது. நிற்பதற்கு இப்போது ஒரு காரணமும் கிடையாது. பெரியவர் நிதானமாகச் சாலையைக் கடந்து வந்தார்.

“இன்னா தம்பி, இன்னிக்கு நிக்கல?”

புல்லட் அண்ணன் குறுக்கே புகுந்தார். “சர்வீஸ் பண்ணிகீதுங்க நைனா.”

“உன்ன கேக்கல. உன் வண்டி நல்லாதான கீது? நீ ஏன் நின்னுகினு கீற?”

புல்லட் அண்ணன் தன் ஹெட்லைட்டைச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார். ஓட்டை அண்ணன் தன் சைலன்சரை அதுவரை பார்த்திராதவர்போல் குனிந்து ஆராய்ந்தார். மாமாவின் உதடுகள் அசைந்தன. ஒரு வாரம் மனப்பாடம் செய்ததில் ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. எதிர்ப்புறம் அந்த அக்கா பைபிளை மார்போடு அணைத்துக்கொண்டு, கண் இமைக்காமல் நின்றார். நான் மாமாவைக் காப்பாற்ற வேண்டிய நேரம் இதுதான் என்று உணர்ந்தேன்.

“வண்டிக்கு ஒண்ணுமே இல்ல தாத்தா,” என்றேன். “மாமாதான் ஒவ்வொரு வாட்டியும் அந்த மதகுகிட்ட பெட்ரோல் டேப்ப மூடிட்டு வராரு. இன்னிக்கு நான் தொறந்து வுட்டேன்.”

வண்டி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. மாமா சாவியைத் திருகி அதையும் அணைத்தார். பெரியவர் டேப்பைப் பார்த்தார். மாமாவின் பவுடரைப் பார்த்தார். திரும்பி மகளைப் பார்த்தார். அந்த அக்கா தலையைக் குனியவில்லை.

“அய்யா,” என்றார் மாமா. “வண்டி நல்லாதான் கீது. நான்தான்... உங்க பொண்ண...”

“தெரியுதுப்பா. பெட்ரோல் இல்லாமயே இவ்ளோ நாளா வந்துகினு கீற.” பெரியவர் முகத்தில் சிரிப்பா கோபமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. “அடுத்த வாரம் அங்க மூடாத. வூடு வரைக்கும் ஓட்டிகினு வா. அம்மாவயும் இட்டுகினு வா.”

பேருந்து வந்தது. அவர்கள் ஏறினார்கள். ஜன்னலோரம் அந்த அக்கா வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது எனக்குப் பிடிக்கவே இல்லை. வண்டியைச் சரிசெய்து கொடுத்த பிறகும் கேலியா?

ஆனால் எங்கள் பக்கம் ஒரே ரகளை. புல்லட் அண்ணன் என்னைத் தலைக்கு மேல் தூக்கி, “டாக்டரே! நீ நல்லா இருக்கணும்டா டாக்டரே!” என்று சுற்றினார். கல்பாக்கம் தாண்டிக் கடலோரச் சாலையில் மூன்று வண்டிகளும் வரிசை கலைத்துப் பாய்ந்தன. ஓட்டை அண்ணன் எழுந்து நின்றபடி ஓட்டினார். மாமா காரணமே இல்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார். எதிரே வந்த மீன்கூடைக்காரம்மா ஒதுங்கி நின்று வாயார வாழ்த்தினார், நான் இங்கே எழுத முடியாத சொற்களில். மாமல்லபுரத்தில் எனக்குச் சுண்டல், ஐஸ், காற்றாடி மூன்றும் கிடைத்தன. ஒரு இயந்திரக் கோளாறைச் சரிசெய்தால் உலகம் இவ்வளவு கொண்டாடும் என்றால், பெரியவனானதும் மெக்கானிக் ஆவதே சரி என்று தோன்றியது.

அடுத்த ஞாயிறு அணுபுரத்துக்கு வாடகைக் காரில் குடும்பத்தோடு போனோம். வழியெல்லாம் நான் வாந்தி எடுத்தேன். அதன் பிறகு நிச்சயம், கல்யாணம், அத்தை, ஆளுக்கொரு குடித்தனம். மூன்று வண்டிகள் சேர்ந்து கிளம்பிய காலைகள் அத்தோடு முடிந்தன.

டேப்பைத் திறந்துவிட்ட அன்று, மாமல்லபுரத்து மணலில், அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? மாமாவுக்கு இனி ஞாயிறுதோறும் கடலுக்கு வரவேண்டிய அவசியமே இல்லாமல் செய்துவிட்டு, அடுத்த வாரம் எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று அவரிடமே கேட்டுக்கொண்டிருந்தேன்.